உக்கடத்தில் இசைத்தட்டு தேடுகிறவர்களுக்கு

கோவை உக்கடத்துக்குப் போய் இசைத்தட்டுக் கடை எங்கே என்று கேட்காதீர்கள். அங்கே தட்டு தனிச் சரக்காக வருவதில்லை. பழைய இரும்பு, பித்தளை, உடைந்த மின்விசிறி, பள்ளிக்கூடப் புத்தகம், கல்யாண ஆல்பம் என்று ஒரு வீடு கழித்துப் போட்ட எல்லாவற்றோடும் கலந்து வந்து இறங்கும். ஆர்.எஸ்.புரத்திலோ ரேஸ் கோர்ஸிலோ ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால், நல்ல மரச்சாமானைச் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் பழைய பேப்பர்காரரின் வண்டியில் ஏறும். அவரிடமிருந்து பேட்டையில் உள்ள எடைக்கடைக்குப் போகும். அங்கே பிரித்துப் போட்டதில் எந்தத் தரத்திலும் சேராதது உக்கடத்துக்கு வரும். இசைத்தட்டு இரும்பும் இல்லை, பேப்பரும் இல்லை. எந்தக் குவியலிலும் சேராமல் ஓரமாக நிற்பதால்தான் அது நம் கண்ணில் படுகிறது.

இங்கிலாந்தில் இந்த வேலையை ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு நிறுவனங்களின் கடைகள் செய்கின்றன. வீட்டார் இலவசமாகக் கொடுப்பதை விற்று அந்தப் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடுவார்கள். பழைய தட்டு தேடும் மோகமும் அந்த நாட்டில் இருந்தது. வட பகுதி ஆலை நகரங்களின் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைமீது பைத்தியமாக இருந்தார்கள். அமெரிக்காவில் விற்காமல் போன தட்டுகளைத் தேடி எடுத்து, விகன் நகரத்து கேசினோ அரங்கில் (1973–1981) விடிய விடிய ஆடினார்கள். ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965-ல் பாடி, வெளியாகும் முன்பே கைவிடப்பட்ட ஒரு சிறு தட்டு, 2009-ல் 25,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அதன் பிரதிகளில் மிஞ்சியவை ஒரு சிலவே.

அந்த விலையை எதிர்பார்த்து உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டாம். ஆனால் அந்தப் படபடப்பு இங்கேயும் உண்டு. சாக்குக்கு அடியிலிருந்து ஒரு தட்டை உருவி, லேபிளில் உள்ள தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, பெயரைப் படிக்கிற அந்தக் கணத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகலாம். இந்த அத்தியாயம் அந்தக் கணத்துக்கு உங்களைத் தயார் செய்வதற்காக.

எங்கிருந்து வந்த தட்டு?

கையில் கிடைத்தது எந்த வழியாக வந்தது என்று ஊகிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உக்கடத்துக்கு வரும் தட்டுகள் பெரும்பாலும் மூன்று இடங்களைச் சேர்ந்தவை.

அதிகமாக வருவது ரேடியோ செட்டுக்காரர்களின் தட்டுகள். கொங்கு நாட்டில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் தென்னை மரத்தில் குழாய் கட்டி, விடியற்காலையில் பக்திப் பாட்டோடு தொடங்கி ராத்திரி வரை போட்டார்கள். அவிநாசி, அன்னூர், கிணத்துக்கடவு, சூலூர் என்று ஊருக்கு ஊர் ஒரு சவுண்ட் சர்வீஸ் இருந்தது. கேசட் வந்ததும் அவர்களின் தட்டுப் பெட்டிகள் அட்டாலிக்குப் போயின. அடுத்த தலைமுறை அதைக் கழித்துவிட்டது. இந்தத் தட்டுகளை உடனே அடையாளம் காணலாம். லேபிளில் சர்வீஸ் பெயர் ரப்பர் ஸ்டாம்பாகக் குத்தியிருக்கும், அல்லது பெயின்ட்டால் ஒரு எண் எழுதியிருக்கும். கனத்த முள்ளில் நூற்றுக்கணக்கான தடவை ஓடியதால் வரிகள் சாம்பல் நிறமாக மங்கியிருக்கும். கேட்க இரைச்சல் அதிகம். இருந்தாலும் இவற்றை ஒதுக்காதீர்கள் என்பேன். ஸ்டாம்பில் உள்ள ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பார்த்தால், எந்த ஊர் விசேஷத்தில் என்ன பாட்டுப் போட்டார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் வேறு இல்லை.

இரண்டாவது, வீட்டுத் தட்டுகள். மில் அதிகாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள் வீட்டில் எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக் கேட்டு, உறையில் திரும்பப் போட்டு வைத்தவை. கர்நாடக சங்கீதம், சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாடல்கள், ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கதை வசனம். தட்டு பளபளவென்று இருக்கும். உறையைத்தான் கரையான் தின்றிருக்கும்.

மூன்றாவது வழி குறைவாகத் திறக்கும். சோல் இசை தேடுகிறவர்கள் காத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். உக்கடத்திலிருந்து சில கிலோமீட்டரில் போத்தனூர். ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர். தெற்கே வால்பாறை, மேற்கே பாலக்காடு, வடக்கே குன்னூர், வெலிங்டன். எஸ்டேட் பங்களாக்களும் கிளப்புகளும் ராணுவக் குடியிருப்பும் உள்ள இடங்கள். ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ குடிபெயர்ந்தவர்களால் கனமான தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அந்தக் கட்டுகளில் முதலில் கைக்கு வருவது ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும்தான். அவர்களைத் தள்ளிவிட்டுக் கீழே பாருங்கள். ரே சார்ல்ஸ், ஓட்டிஸ் ரெட்டிங், அரேத்தா ஃபிராங்க்ளின், டயானா ராஸ் போன்ற பெயர்களைத் தேட வேண்டிய இடம் அதுதான். போனி எம், மைக்கேல் ஜாக்சன் தட்டுகள் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கல்லூரிப் பிள்ளைகள் வாங்கியவை. அவை பரவலாக விற்றவை, அவசரப்பட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள். மேலை நாடுகள் 78 வேகத் தட்டை ஐம்பதுகளின் கடைசியிலேயே கைவிடத் தொடங்கின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுத்த கிராமபோன் இருந்ததால் இந்தியாவில் அறுபதுகளிலும் 78 தட்டு அச்சானது. அதனால் பீட்டில்ஸ் பாடல்கள் கல்கத்தா டம் டம் ஆலையில் 78 தட்டுகளாக வந்தன. உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு அலைகிறார்கள். கனமான பத்து அங்குலத் தட்டில் பார்லஃபோன் லேபிளும் பீட்டில்ஸ் பெயரும் கண்டால், கீறல் இருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

எதைத் தேடுவது?

அமெரிக்கத் தட்டு கிடைக்காத நாளில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. சோல் என்பது தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல், காதலையும் பிரிவையும் அதே முழு மூச்சோடு பாடியதில் பிறந்த இசை. அந்த முழு மூச்சு வேண்டுமானால் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளைக் கேளுங்கள். நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அது. அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். ஒரு பேசும் படத்திலும் நடிக்கவில்லை. இன்று கிட்டப்பா நமக்குக் கேட்கிறார் என்றால் அது தட்டு ஒன்றினால் மட்டுமே. அவர் பெயர் போட்ட தட்டு எந்த நிலையில் இருந்தாலும் விடக்கூடாது. விரிசல் விட்டிருந்தாலும் சரி.

முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) படச்சுருள் இன்று கிடையாது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் கதி இதுதான். படம் அழிந்து பாட்டு மட்டும் தட்டில் தங்கிய கதைகள் நம்மிடம் நிறைய. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாற்பதுகளில் பல பாடல்களைத் தட்டுக்காகத் தனியே மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும் என்பதால் சுருக்குவார்கள், இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். சில சமயம் பாடகரே மாறிவிடுவார். ஆகவே யூடியூபில் இருக்கிற பாட்டுத்தானே என்று தட்டைத் திருப்பி வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கோவைக்காரர்களுக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. திருச்சி ரோட்டில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944), எம்.ஜி.ஆர். கதாநாயகனாக அறிமுகமான ‘ராஜகுமாரி’ (1947) எல்லாம் அங்கே உருவானவை. டி.எம். சௌந்தரராஜன் முதன்முதலில் சினிமாவுக்குப் பாடியது ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்துக்கு; அதுவும் அந்த ஸ்டூடியோப் படம்தான். எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவில் ‘மலைக்கள்ளன்’ (1954) எடுத்தார்கள். இந்த இரண்டு ஸ்டூடியோப் படங்களின் தட்டுகளை மட்டும் சேர்க்கலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அதை நான் முழு மனதோடு வரவேற்பேன். எல்லை குறுகினால் தேடல் கூர்மையாகும். தவிர, இந்த ஊரில் உண்டான பாட்டு இந்த ஊர்க் குவியலிலிருந்தே திரும்பக் கிடைப்பதில் இருக்கும் மகிழ்ச்சி வேறு.

அறுபதுகளுக்கு வந்தால் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964), பிறகு எல்.ஆர். ஈஸ்வரி குரல் உள்ள எந்த ஏழு அங்குலத் தட்டும். உஷா உதுப் 1969-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் புடவை கட்டிக்கொண்டு இரவு விடுதியில் பாடத் தொடங்கியவர். அவருடைய ஆரம்பத் தட்டுகளில் பெயர் ‘உஷா ஐயர்’ என்றிருக்கும். அது தெரியாமல் கடந்து போகிறவர்கள் உண்டு. எழுபதுகளின் கடைசியிலிருந்து இளையராஜா. ‘பிரியா’ (1978) ஸ்டீரியோத் தட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம். பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் அவருடைய அந்தக் காலத்துப் பாடல்களைத் தொகுத்து மறுபடி தட்டாகவே வெளியிட்டது. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ‘எலிஃபங்க்’ தொகுப்பில் அவர் இசையமைத்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) பாட்டின் துண்டு இருக்கிறது. அதற்குப் பிறகு எண்பதுகளில் அவர் பாட்டுகள் வந்த எக்கோ லேபிள் தட்டுகளுக்கு வெளியூர்களில் மதிப்பு ஏறிவிட்டது. உக்கடத்தில் இன்னமும் தற்செயலாகக் கிடைக்கலாம்.

யாருக்கும் தெரியாத பெயரையும் அலட்சியமாகப் பார்க்காதீர்கள். எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் 2002-ல் டெல்லிக் கடை ஒன்றில் சரண்ஜித் சிங் என்பவரின் 1982-ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றை எடுத்தார். பத்து ராகங்களை சின்தசைசரில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்தது. வெளியானபோது கவனிப்பாரில்லை. பவ்மன் அதை 2010-ல் மறுவெளியீடு செய்ததும், பம்பாயில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து ஓய்ந்திருந்த அந்தக் கலைஞர் தன் முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்பட்டார்.

எப்போது போவது, எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன். சாலையோரம் பரப்பி வைப்பவர்கள் அன்றுதான் அதிகம். ஆண்டில் இரண்டு பருவங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காப்புக் கட்டும் நாட்களில் வீட்டுச் சாமான் வெளியே வரும். ஆயுத பூஜைக்குப் பட்டறைகளையும் கிடங்குகளையும் ஒழிப்பார்கள். இரண்டுக்கும் பிந்திய ஒன்றிரண்டு வாரங்கள் உக்கடத்தில் சரக்குக் குவியும். ஆத்துப்பாலம் வரை மேம்பாலம் வந்து (2024) சாலையின் முகமே மாறிவிட்டது. யாராவது சில வருடம் முன்பு சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடாமல் ஒரு நடை முழுக்கச் சுற்றுங்கள். பழைய புத்தகக் கடைகளையும் விட வேண்டாம். தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் அங்கே கிடைக்கும். லேபிள் தேய்ந்த தட்டு எந்தப் படம் என்று கண்டுபிடிக்க அவைதான் கைகொடுக்கும்.

கேட்கும்போது ‘வினைல்’ என்று சொன்னால் வேலைக்காகாது.

“பாய், பாட்டு பிளேட்டு ஏதாச்சும் வந்துச்சுங்களா?”

“கிராமபோன் பிளேட்டுங்களாண்ணா? ரேடியோ செட்டுக்காரரு கட்டு ஒண்ணு உள்ள கெடக்குது. பாட்டு வருமான்னு தெரியாதுங்ணா.”

“பரவால்லீங்க, பாத்துக்கறேன்.”

அவ்வளவு போதும். உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், பார்த்ததைப் பழையபடி அடுக்கி வையுங்கள். கடைக்காரர் முன்னால் கைபேசியில் விலை தேடுவது மரியாதை இல்லை. ஒன்றைப் பொறுக்கி எடுத்து மற்றதைத் தள்ளுவதைவிட, கட்டாக விலை பேசுவது இருவருக்கும் நல்லது. எடைக்கு வாங்கிய பொருள்தானே என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கட்டை உடைத்துக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது அவர். அதற்கு ஒரு கூலி உண்டு. நியாயமாகக் கொடுத்தவரைத்தான் அடுத்த கட்டு வந்ததும் கூப்பிடுவார்கள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் கனம். பத்து அங்குலம், கனம், வளையாத தன்மை இருந்தால் அது அரக்குத் தட்டு, 78 வேகம். கீழே விழுந்தால் உடைந்துவிடும். நடுத்துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுத் தட்டு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் கரகரக்கும். லேசானது, வளைந்து கொடுப்பது வினைல். பன்னிரண்டு அங்குலம் 33⅓ வேகத்தில் ஓடும் எல்.பி. ஏழு அங்குலம் பெரும்பாலும் 45, சிலது 33⅓. லேபிளைப் படியுங்கள்.

வினைல் தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்கு மட்டும் தெரியும் மெல்லிய கோடு பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. நகத்தில் தட்டுப்படும் கீறலில் முள் தாவும். வெள்ளைப் புகை படிந்ததுபோல் இருந்தால் அது அநேகமாகப் பூஞ்சை. பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் வரும் ஊர் இது, அட்டாலியில் கிடந்ததெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கும். கழுவினால் போய்விடும், பயப்படாதீர்கள். வளைவு அப்படிப் போகாது. கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து, தட்டம்போல் குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். லேபிளில் நடுத்துளையைச் சுற்றி நுண்ணிய கீற்றுகள் எத்தனை என்று பாருங்கள். தட்டைப் பெட்டியில் மாட்டும்போதெல்லாம் விழுந்தவை அவை. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று உறையைவிட உண்மையாகச் சொல்லும். உறைக்குள் இருப்பது அந்தத் தட்டுத்தானா என்று கடையிலேயே சரிபாருங்கள். எச்.எம்.வி. எல்.பி. எண்ணில் ஈ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ.

பித்தளைக் குழல் வைத்துப் பளபளக்கும் கிராமபோன் பெட்டியை எங்காவது காட்டினால் வாங்காதீர்கள். அநேகமாகப் புதிதாகக் கூட்டிச் சேர்த்து நாய்ப் படம் ஒட்டியது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

பைக் டேங்க்மேல் வைத்து உச்சி வெயிலில் கொண்டுவராதீர்கள். நிறுத்திய காருக்குள் விடவே வேண்டாம். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற பருத்தித் துணி இவை போதும். வரிகள் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது. ஆல்கஹாலில் அரக்குக் கரைந்து வரிகளே போய்விடும். கழுவியதும் நிழலில் உலர்த்தி, புது உறையில் போட்டு, செங்குத்தாக அடுக்குங்கள். படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடியில் உள்ளது வளையும், அரக்காயிருந்தால் உடையும்.

முள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 78 தட்டின் வரி அகலமானது. எல்.பி. முள்ளை வைத்தால் அடியில் உரசி இரைச்சலை மட்டும் எடுத்துத் தரும். அதற்கென்று மூன்று மில் முனை கொண்ட முள் தனியே கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும் கிராமபோனின் எஃகு முள்ளில் எல்.பி.யை ஒருபோதும் ஓட்டக்கூடாது. ஒரே தடவையில் வரிகளைச் சீவிவிடும். அதில் அரக்குத் தட்டு போடுவதானாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு முள், அடுத்த பக்கத்துக்குப் புது முள்.

பழைய பிளேயர் ஓடவில்லை என்றால் கோவையில் இருப்பது பெரிய வசதி. மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்கும் லேத் பட்டறைக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. தேய்ந்த புஷ்ஷையும் புல்லியையும் மாதிரி காட்டினால் கடைந்து கொடுப்பார்கள். ரப்பர் இறுகிப்போன சக்கரம்தான் பெரும்பாலான பழைய பெட்டிகளின் நோய். அதற்குப் புது ரப்பர் ஒட்டிக் கடைந்தால் வேகம் சீராகும்.

பிறகு பதிவு செய்யுங்கள். பிளேயரில் 78 வேகம் இல்லாவிட்டால், சரியான முள்ளோடு 45-ல் ஓட்டிப் பதிந்து கணினியில் வேகத்தைத் திருத்தலாம். இரைச்சல் நீக்காத மூலப் பதிவு ஒன்றை அப்படியே வைத்திருங்கள். லேபிளின் இரு பக்கமும், லேபிளுக்கு அருகே வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் எண்ணும், சவுண்ட் சர்வீஸ் ஸ்டாம்பும் தெரியும்படி படம் எடுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் வாங்கியது என்று எழுதி வையுங்கள். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர் இப்படிச் சேர்த்த விவரங்களைக் கொண்டுதான் பழைய பட்டியல்களின் இடைவெளிகளை நிரப்பினார்கள். ஓடியன் லேபிள் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் வடிவுக்கு வந்ததும் தனியார் சேகரிப்புகளிலிருந்துதான். தமிழ்த் தட்டானால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். லேபிள் படத்தையும் எண்ணையும் முதல் கடிதத்திலேயே இணைத்துவிடுங்கள்.